ஜாகிர் போச்சு... தறி இருக்கு!

ஆரணியை ஒட்டிய எஸ்.வி.நகரத்தில் பாழடைந்து நிற்கிறது ஜாகிர்தார் அரண்மனை. 1751-ல் ராபர்ட் கிளைவ் போரிட்டு வென்ற ஊர் இது. 1782-ல் ஹைதர் அலி படையும் ஆங்கிலேயர் படையும் மோதியதும் இங்கேதான்! தலைமுறை தலைமுறையாக வரி வாங்கிய மராட்டிய ஜாகிர்தார்களின் காலம், சுதந்திரத்துக்குப் பின் வந்த ஜமீன் ஒழிப்போடு முடிந்தது. இன்று ஆரணி ஒரு மக்களவைத் தொகுதி. ஓட்டுக் கேட்டு நெசவாளர் வாசலுக்கு வருகிறார்கள் வேட்பாளர்கள்.

தெருவுக்குள் போனால் தறிச்சத்தம். பாவு பிணைக்க ஒருவர், தார் சுற்ற ஒருவர் என வீடே சேர்ந்தால்தான் ஒரு சேலை. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. சில சேலை ரகங்களைக் கைத்தறிக்கே ஒதுக்கியது 1985-ம் ஆண்டுச் சட்டம். ஆனாலும் விசைத்தறிச் சேலை ‘கைத்தறி’ என்ற பெயரில் கடையேறிவிடுகிறது. அடிபடுவது நெசவாளரின் கூலி. பட்டெடுக்கப் போகிறவர்கள், கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.