சராசரிக்குள் ஒளிந்த திக்கல்

புதிய கிராபிக்ஸ் கார்டைப் பொருத்திய பிறகுதான் விளையாட்டு திக்கத் தொடங்கியது என்று யாரேனும் சொன்னால், கேட்பவர் எளிதில் நம்புவதில்லை. வேகத்துக்காக வாங்கிய பொருள் தடுமாற்றத்தை எப்படிக் கொண்டுவரும்? ஆனால் கணினியைத் தாமே பிரித்துப் பூட்டும் பழக்கமுள்ளவர்களுக்கு இது மிகப் பழைய முறையீடு. புணேயில் மழைத் தரவுகளோடு ஐந்தாம் ஆண்டாகப் போராடிக்கொண்டிருக்கும் தமிழ் ஆய்வு மாணவர் ஒருவருக்குச் சென்ற மழைக்காலத்தில் அது நேர்ந்தது.

நிலுவையில் கிடந்த நான்கு மாத உதவித்தொகை ஒரே நாளில் வந்து சேர்ந்திருந்தது. வீட்டுக்கு அனுப்பியது போக எஞ்சியதில், தாப்கீர் கல்லியில் பழைய உதிரிப் பாகங்கள் விற்கும் ஒரு சிறு கடையில் ஆர்எக்ஸ் 6600 கார்டு ஒன்றை வாங்கினார். அதுவரை அவருடைய கணினியில் இருந்தது ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. 2016இல் வெளிவந்தது, நான்கு ஜிபி நினைவகம் கொண்டது. புதியதோ 2021இல் வந்தது. நினைவகம் எட்டு ஜிபி. மற்றவை அப்படியே இருந்தன: ரைசன் 5 2600 பிராசசர், அதற்கேற்ற பி450 மதர்போர்டு, எட்டு ஜிபி ரேம். கடைக்காரர் ஏழு நாள் சோதித்துப் பார்க்க அவகாசம் தந்தார். அதற்குமேல் பொருள் வாங்கியவருடையது. அந்தச் சந்தையில் எழுதப்படாத சட்டம் அதுதான்.

முதல் இரவிலேயே வேறுபாடு தெரிந்தது. திரையின் மூலையில் ஓடும் எண் இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்திருந்தது. ஆனால் விளையாட்டின் நகரத்தெருவில் வண்டியைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் காட்சி ஒரு கணம் உறைந்து, பிறகு பாய்ந்தது. பழைய கார்டில் எல்லாமே மெதுவாக இருந்தன. ஆனால் இப்படித் திக்கியதில்லை.

அறைத்தோழர் பீகார்க்காரர், தீர்ப்பு வழங்குவதில் தாமதிக்காதவர். மைனிங்கில் அடிபட்ட கார்டைத் தலையில் கட்டிவிட்டார்கள், நாளையே கொண்டுபோய் வீசிவிட்டு வா என்றார். அந்த ஐயம் அடிப்படையற்றதன்று. 2022 செப்டம்பரில் எத்தீரியம் தன் முறையை மாற்றிக்கொண்டபோது, நாணயம் தோண்டுவதற்காக இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்த கார்டுகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. உலகெங்கும் பழைய பொருள் சந்தைகளில் அவை வந்து குவிந்தன. தாப்கீர் கல்லி மட்டும் விலக்காக இருந்திருக்க வாய்ப்பில்லை.

ஆய்வாளருக்குத் தயக்கம் இருந்தது. பொருளைத் திருப்பித் தருவது எளிது. ஏமாற்றிவிட்டீர்கள் என்று முகம் சொல்லாமல் திருப்பித் தருவதுதான் கடினம். அந்த விலைக்கு அப்படியொரு கார்டு மறுபடி கிடைக்கப்போவதுமில்லை. ஆகவே மற்றவற்றையும் பார்த்த பிறகே கார்டின் மீது பழி சொல்வது என்று முடிவு செய்தார்.

திரையில் தெரிந்த அந்த எண்ணிலிருந்தே விசாரணை தொடங்கியது. நொடிக்கு இத்தனை ஃபிரேம்கள் என்பது ஒரு சராசரி. ஐம்பத்தொன்பது ஃபிரேம்கள் தலா பத்து மில்லி நொடியில் வந்து, அறுபதாவது மட்டும் 410 மில்லி நொடி எடுத்துக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். கூட்டினால் சரியாக ஒரு நொடி. எண் அறுபது என்று காட்டும். ஒவ்வொன்றும் 16.7 மில்லி நொடியில் சீராக வந்தாலும் அதே அறுபதுதான். முன்னதில் ஏறத்தாழ அரை நொடி திரை செத்துக் கிடக்கிறது. பின்னதில் காட்சி நீரோட்டம்போல் செல்கிறது. இரண்டையும் ஓர் எண்ணுக்குள் அடைத்தால் கண் கண்டது கணக்கில் வராது. கணினி இதழியலில் இதை உரத்துச் சொன்னவர் டெக் ரிப்போர்ட் தளத்தின் ஸ்காட் வாசன். 2011இல் அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான், நொடியைப் பிளந்து ஒவ்வொரு ஃபிரேமும் எடுத்துக்கொண்ட நேரத்தை அளக்கும் வழக்கம் பரவியது.

மழையை ஆராய்கிறவருக்கு இது புதிய பாடமன்று. 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியது. தென்மேற்குப் பருவத்தின் 122 நாள்களுக்கும் அதைப் பங்கிட்டால் நாளொன்றுக்கு எட்டு மில்லிமீட்டர்கூட இல்லை. குடை பிடிக்கும் தூறல். அவருடைய ஆய்வேட்டின் இரண்டாம் இயலே சராசரியின் இந்தப் போக்கைப் பற்றியதுதான். விளையாட்டுக் கணினி அதே வினாவை வேறு உடையில் கேட்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை.

முதலில் செய்தது துப்புரவுப் பணி. பழைய கார்டும் புதியதும் வெவ்வேறு நிறுவனத்துச் சில்லுகள் கொண்டவை. பழைய டிரைவரின் மிச்சங்கள் கிடந்தால் குழப்பம் வரும். டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்னும் இலவசக் கருவியைச் சேஃப் மோடில் இயக்கி, எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிய டிரைவரை நிறுவினார். குறை தீரவில்லை, ஆனால் ஓர் ஐயம் தீர்ந்தது.

பிறகு கேப்ஃபிரேம்எக்ஸ் என்னும் கருவியால் ஃபிரேம் நேரங்களைப் பதிவு செய்தார். ஒரே தெருவில், ஒரே வண்டியில், ஒரே வழியாக மூன்று முறை ஓட்டினார். அதில் ஆராய்ச்சியாளரின் பிடிவாதம் தெரிந்தது. அறைத்தோழர் தலையில் அடித்துக்கொண்டு உறங்கப் போய்விட்டார். வரைபடத்தைப் பார்த்தபோது திக்கல் என்று ஒரே பெயரில் அழைக்கப்பட்டது உண்மையில் இரண்டு என்பது புலனாயிற்று. முதல் ஓட்டத்தில் எழுந்த உயர்ந்த கூர்முனைகள் சில, இரண்டாம் ஓட்டத்தில் காணாமல் போயின. வேறு சில மூன்று ஓட்டங்களிலும் இருந்தன. கூட்டமான சந்திகளிலெல்லாம் தவறாமல் எழுந்தன.

காணாமல் போனவை ஷேடர்களால் வந்தவை. ஒளி, நிழல், நீர்ப்பரப்பு போன்றவற்றை வரையும் சிறு நிரல்களே ஷேடர்கள். கணினிக்கான விளையாட்டுகள் இவற்றை ஓர் இடைநிலை வடிவத்தில்தான் தருகின்றன. எந்த வீட்டில் எந்தக் கார்டு இருக்கும் என்று உருவாக்கியவருக்குத் தெரியாது. அந்தந்தக் கார்டின் மொழிக்கு அவற்றைப் பெயர்ப்பது டிரைவரின் வேலை. விளையாட்டு தொடங்கும் முன்பே இதை முடித்துவிடும் விளையாட்டுகள் உண்டு. ஓட்டத்தின் நடுவே பெயர்ப்பவையும் உண்டு. பின்னதில், பெயர்ப்பு முடியும்வரை ஃபிரேம் காத்துக் கிடக்கிறது. ஒருமுறை பெயர்த்தது வட்டில் சேமிக்கப்படும் என்பதால் அடுத்த முறை தடங்கல் இல்லை. கார்டு மாறினால் அந்தச் சேமிப்பு முழுவதும் பயனற்றதாகிவிடுகிறது. பழைய கார்டுக்காக மாதக்கணக்கில் சேர்ந்த பெயர்ப்புகள் புதியதற்குப் புரியாத மொழி. டிரைவரைப் புதுப்பித்தாலும் பல வேளைகளில் இதே கதைதான். பிளேஸ்டேஷன் போன்ற கருவிகளில் எல்லா வீட்டிலும் ஒரே சில்லு இருப்பதால் பெயர்ப்பை முன்கூட்டியே செய்து அனுப்பிவிட முடிகிறது. வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக் கையடக்கக் கருவிக்கும் இந்த வசதி உண்டு. ஆக, முதல் சில மணி நேரத் திக்கலுக்கு மருந்து விளையாடிக்கொண்டே இருப்பதுதான். இவ்வளவு இனிய மருத்துவம் வேறெந்தக் கோளாறுக்கும் வாய்த்ததில்லை.

மீண்டும் மீண்டும் எழுந்த கூர்முனைகள் வேறு இனம். சந்தியில் மக்கள் கூடும்போது, ஒவ்வொருவரும் எங்கே நடக்க வேண்டும், எந்த வண்டி எங்கே நிற்க வேண்டும் என்று கணிப்பது கிராபிக்ஸ் கார்டன்று, பிராசசர். பழைய கார்டு ஒரு ஃபிரேமை வரைய எடுத்துக்கொண்ட நீண்ட நேரத்துக்குள் பிராசசர் தன் வேலையை முடித்துவிட்டுச் சும்மா காத்திருந்தது. அதன் தாமதங்கள் யாவும் அந்தக் காத்திருப்புக்குள் கரைந்துபோயின. புதிய கார்டு பாதி நேரத்துக்குள் வரைந்துவிட்டு அடுத்தது எங்கே என்று கை நீட்டுகிறது. இப்போது பிராசசரின் ஒவ்வொரு மூச்சுவாங்கலும் திரையில் தெரிகிறது. குறை புதிதாக வந்ததன்று; முன்பே இருந்து, மறைப்பு விலகியதும் வெளிப்பட்டது.

பிராசசர் எதற்காக இவ்வளவு மூச்சு வாங்குகிறது என்ற கேள்விக்கு விடை, எவரும் பார்க்கக்கூடிய இடத்திலேயே இருந்தது. விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் நினைவகப் பக்கம் இரண்டு செய்திகளைச் சொன்னது. ரேமின் வேகம் 2133. நிரம்பியிருக்கும் துளை ஒன்றே ஒன்று.

அந்த ரேம் 3200 வேகத்துக்கு உரியது. ஆனால் அந்த வேகம் தானாக வருவதன்று. பயாஸில் எக்ஸ்எம்பி என்னும் அமைப்பை இயக்க வேண்டும். கார்டு மாற்றுவதற்கு முந்தைய நாள் பயாஸ் புதுப்பிக்கப்பட்டிருந்தது. அப்படிப் புதுப்பித்தால் பழைய அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடுவது வழக்கம். கார்டும் பயாஸும் அடுத்தடுத்த நாள்களில் மாறியதால் பழி முழுவதும் கண்ணுக்குத் தெரிந்த கார்டின் மீது விழுந்திருந்தது. ரைசன் சில்லுகளில் உட்பகுதிகளை இணைக்கும் பாதையின் வேகமும் ரேமின் வேகத்தோடு பிணைக்கப்பட்டது. ரேம் தவழ்ந்தால் பிராசசரும் தவழும். போதாக்குறைக்கு ரேம் ஒற்றைத் துண்டு. 2133 வேகத்தில் ஒரு துண்டு நொடிக்கு ஏறத்தாழ 17 ஜிபி தரவைக் கடத்தும். இரண்டு துண்டுகளை உரிய துளைகளில் இட்டு, அந்தப் பிராசசருக்கு உரிய 2933 வேகத்தில் ஓட்டினால் ஏறத்தாழ 47 ஜிபி. எட்டு ஜிபி முழுவதும் நிரம்பி, மிச்சத்தை விண்டோஸ் வட்டில் எழுதி எடுத்துக்கொண்டிருந்தது தனிக் கதை.

வேகத்தை 2933ஆக உயர்த்தியதுமே கூர்முனைகள் பாதியாகக் குறுகின. ஆறாம் நாள் ஆய்வாளர் தாப்கீர் கல்லிக்குப் போனார். கையில் கார்டு இல்லை, வரைபடம் இருந்தது. கடைக்காரர் அறுபதைக் கடந்தவர். இருவரும் இந்தியில்தான் பேசிக்கொண்டனர். “கார்டைத் திருப்பித் தர வந்தாயா, பேட்டா?” என்று அவரே கேட்டார்.

“இல்லை அங்கிள், இரண்டாவது ரேம் வேண்டும்.”

அவர் வரைபடத்தைப் பார்க்கவில்லை. மேசை இழுப்பறையில் துழாவி, அதே நிறுவனத்தின் எட்டு ஜிபி துண்டு ஒன்றை எடுத்து நீட்டினார். பணத்தை நாளைக்குக் கொடு, முதலில் போட்டுப் பார், சேரவில்லையென்றால் இரண்டையும் கொண்டுவா என்றார். ஏழாம் நாள் அவகாசத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, இவரும் நினைவூட்டவில்லை.

அன்றிரவு அதே தெருவில் நான்காம் ஓட்டம். சந்தியில் எழுந்த கூர்முனைகள் மேடுகளாகத் தணிந்திருந்தன. எஞ்சியதற்கு அவர் செய்தது எண்ணைக் குறைப்பதுதான்: நொடிக்கு அறுபதுக்கு மேல் போகாதபடி ஒரு வரம்பு. அவருடைய திரை நொடிக்கு அறுபது முறைதான் புதுப்பிக்கப்படும். தொண்ணூறு ஃபிரேம்களை வரைந்தால் மின்சாரச் செலவு கூடும். வரம்பு இட்டபின் பிராசசருக்குக் காத்திருக்கச் சற்று நேரம் மீண்டும் கிடைத்தது. வரைபடம் ஏறக்குறைய நேர்கோடாயிற்று. அதை அவர் ஆய்வேட்டின் கோப்புறையிலேயே சேமித்து வைத்திருக்கிறார். நெறியாளர் கண்ணில் பட்டால் விளக்குவது கடினம்.

கழற்றிய 1050 டிஐ அறைத்தோழரின் கணினிக்குப் போயிற்று. முதல் நாள் மாலையே அவர் கத்தினார்: இதுவும் திக்குகிறது, இதுவும் மைனிங் கார்டு! இரண்டு மணி நேரம் விளையாடிவிட்டுச் சொல் என்று ஆய்வாளர் பதில் சொன்னார். அவர் விடியும்வரை விளையாடினார். அதன்பிறகு முறையீடு எதுவும் வரவில்லை.