லிஸ்டரா, லிஸ்டர் டைப்பா?

ஜனவரி 6, 2024, சனி. சித்தூர்

பெரியப்பாவின் கரும்பாலைக் கொட்டகையில் கிடந்த ஆயில் எஞ்சினை இன்று துடைத்தேன். கரண்ட் மோட்டார் வந்தபிறகு அதை யாரும் தொடவில்லை. பிளைவீலுக்கு அடியில் கோழி முட்டையிட்டிருந்தது. "சீமை எஞ்சின்டா, லிஸ்டர்" என்று பெரியப்பா இருந்தவரை சொல்லிக்கொண்டிருப்பார். தகடு இருந்த இடத்தில் இப்போது நான்கு ரிவெட் ஓட்டைகள்தான் இருக்கின்றன.

லிஸ்டர், இங்கிலாந்தில் டர்ஸ்லி என்ற ஊரில் 1867-ல் தொடங்கிய கம்பெனி. அவர்களுடைய சி.எஸ். எஞ்சின் 1930 வாக்கில் வந்தது. சி.எஸ். என்றால் கோல்ட் ஸ்டார்ட். அதற்கு முந்தைய எஞ்சின்களில் பல, ஊதுவிளக்கால் ஹெட்டைச் சூடாக்கினால்தான் கிளம்பும். இதைக் கையால் சுற்றினாலே போதும். ஆறு குதிரைசக்தி, நிமிடத்துக்கு 650 சுற்று. கொப்பரையில் பாகு காயும் நிதானத்துக்குப் பொருத்தமான வேகம்.

ஜனவரி 7, ஞாயிறு. சித்தூர்

மெக்கானிக் பாய் வந்து ஹெட்டைக் கழற்றினார். சிலிண்டர் போரை அளந்தேன். லிஸ்டருக்கு உரிய அதே நாலரை அங்குலம்! துள்ளிவிட்டேன். பாய் சிரித்தார். "அளவை வச்சு ஊரைச் சொல்ல முடியாது தம்பி. ராஜ்கோட் பட்டறைக்காரன் லிஸ்டரை அளவெடுத்துத்தானே அடிச்சான்."

டீசல் பம்பில் மைக்கோ என்று இருந்தது. அது 1951-ல் தொடங்கிய பெங்களூர் கம்பெனி. "அதனால என்ன? பம்ப் மாத்தாத பழைய எஞ்சின் எது?" என்றார். பழைய லிஸ்டர் ஹெட்டில் சின்னக் கைச்சக்கரம் ஒன்று உண்டு. கிளப்பும்போது அதைத் திருகி மூடினால் கம்ப்ரஷன் கூடும். இதில் அது இல்லை. "ஹெட்டையும் மாத்தியிருக்கலாம்." எதைக் காட்டினாலும் அவரிடம் ஒரு "லாம்" இருந்தது.

ஜனவரி 10, புதன். திருப்பதி

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு எஞ்சின் தேடி, ரேணிகுண்டா சாலையில் ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போனேன். "கப்பல் எஞ்சின் சார்" என்று ஒன்றைக் காட்டினார் கடைக்காரர். கப்பல் இல்லை, மீன்பிடிப் படகுதான். பின்னால் ரிவர்ஸ் கியர்பாக்ஸ், பக்கத்தில் கடல்நீர் இழுக்கும் பம்ப்; தண்ணீர் ஓடும் வழியை உப்பு அரித்திருந்தது. லிஸ்டர் கம்பெனி படகுக்கும் எஞ்சின் செய்ததுதான். ஆனால் இதன் தகட்டைப் பிடித்திருந்த திருகுகள் புத்தம் புதியவை.

நான் உற்றுப் பார்ப்பதைக் கவனித்தவர், "தகடுதான் வேணுமா?" என்று ஒரு டப்பாவைத் திறந்தார். உள்ளே பித்தளைத் தகடுகள், எடைக்கு வாங்கியவை. அதில் ஒன்று டர்ஸ்லி. எங்கள் நான்கு ஓட்டைகளுக்கும் கச்சிதமாகப் பொருந்தும். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுத் திருப்பிப் போட்டேன்.

ஜனவரி 13, சனி. சித்தூர்

நாளை போகி. பரணைக் காலி செய்தபோது பெரியப்பாவின் டிரங்குப் பெட்டியில் பில் கிடைத்தது. "லிஸ்டர் டைப், 6 ஹெச்.பி., ராஜ்கோட்." "டைப்" என்ற ஒரு சொல்லைத்தான் நாங்கள் இத்தனை வருஷமாக விழுங்கியிருக்கிறோம். டர்ஸ்லி 1987-ல் இந்த எஞ்சினை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகும் ராஜ்கோட் பட்டறைகள் வார்த்துக்கொண்டிருந்தன.

பெரியம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் கரும்புச் சோகையை ஒதுக்கிக்கொண்டே சொன்னார்: "உங்க பெரியப்பாவுக்குத் தெரியாதா என்ன? பில்லை மடிச்சு அடியில வச்சதே அவர்தானே."