டர்பனில் ஆடிய தண்டையார்பேட்டை

கடல் கடந்த மடல்: டர்பன், தென்னாப்பிரிக்கா

கால்பந்து உலகப் போட்டிகளில் ஓர் அணிக்கு உறுதியாகக் கிடைப்பது லீக் சுற்று மட்டுமே. அணிகளைச் சில பிரிவுகளாகப் பிரிப்பார்கள். ஒரு பிரிவில் உள்ள ஒவ்வோர் அணியும் மற்ற அணிகளோடு ஒரு முறை மோதும். வென்றால் 3 புள்ளி, டிரா என்றால் 1, தோற்றால் பூஜ்யம். நாக் அவுட்டில் ஒரு தோல்வியோடு கதை முடிந்துவிடும். லீக்கில் தோற்றவனுக்கும் அடுத்த ஆட்டம் உண்டு.

2010 மார்ச் மாதம் டர்பன் நகரில் தெருவோரக் குழந்தைகளுக்கான முதல் உலகக் கோப்பை நடந்தது. அதில் இந்தியா என்ற பெயரில் களமிறங்கியவர்கள் வடசென்னைப் பிள்ளைகள். அனுப்பி வைத்தது தண்டையார்பேட்டையில் இயங்கும் கருணாலயா என்ற தொண்டு நிறுவனம். அந்த அணி லீக் சுற்றைத் தாண்டியது. இறுதி ஆட்டத்தில் தான்சானியாவை 1-0 என்று வென்று கோப்பையையும் கைப்பற்றியது.

டர்பன் இதற்குத் தேர்வானதில் காரணம் உண்டு. அதே ஆண்டு ஜூனில் ஃபிஃபா உலகக் கோப்பை தென்னாப்பிரிக்காவில் தொடங்க இருந்தது. வெளிநாட்டு ரசிகர்கள் வருவதற்குள் நகரைத் துப்புரவாகக் காட்ட வேண்டும் என்று, தெருவில் தூங்கும் பிள்ளைகளைப் போலீஸ் வண்டிகளில் அள்ளிச் செல்கிறார்கள் என அவர்களோடு வேலை செய்த அமைப்புகள் குற்றம் சாட்டின. அந்தப் பிள்ளைகளின் கையிலேயே பந்தைக் கொடுத்து, உலகம் அவர்களைப் பார்க்கும்படி செய்வதுதான் இந்தப் போட்டியின் நோக்கம். பிரேசில், உக்ரைன், பிலிப்பைன்ஸ், தான்சானியா உள்ளிட்ட 8 அணிகள் வந்தன. பதினொருவர் ஆட்டம் அல்ல. சிறிய அணிகள், குறுகிய நேரம். ஆட்டங்களோடு குழந்தைகளின் மாநாடும் நடந்தது. முடிவில் வெளியான டர்பன் பிரகடனம் தங்கள் பேச்சைக் கேட்க வேண்டும், வீடு வேண்டும், அடி உதையிலிருந்து பாதுகாப்பு வேண்டும், படிப்பும் மருத்துவமும் வேண்டும் என்று கேட்டது.

சென்னைக்கும் இந்த நகருக்கும் உறவு புதிதல்ல. 1860 அக்டோபரில் சென்னையில் புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல், 342 ஒப்பந்தக் கூலிகளோடு நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு வந்த முதல் இந்தியர்கள் அவர்களே. அப்போது சென்னையில் கட்டப்பட்ட துறைமுகம் இல்லை. கப்பல் கரையிலிருந்து தள்ளிக் கடலில் நிற்கும். ஆட்களும் சரக்கும் மசூலா படகில் அலை தாண்டிப் போக வேண்டும். வந்தவர்களின் பேரன், கொள்ளுப்பேரன்கள் டர்பனில் கால்பந்தை ஊன்றி வளர்த்தார்கள். நிறவெறிக் காலத்தில் வெள்ளையர் மைதானங்கள் மறுக்கப்பட்ட இந்தியரும் கறுப்பரும் ஆடிய இடம் நகரின் கர்ரீஸ் ஃபவுண்டன் மைதானம். ஆக, 2010இல் வந்த தண்டையார்பேட்டைப் பிள்ளைகள் இறங்கியது தமிழ்ப் பெயர்கள் தெருவுக்குத் தெரு கேட்கும் ஊரில்தான்.

அவர்கள் கிளம்பிய ஊர் வேறு மாதிரி. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலோரமாக நீளும் பட்டை அது. துறைமுகம், மீன்பிடித் துறை, ஆலைகள், கன்டெய்னர் லாரிகள். மூட்டை தூக்கவும் மீன் சுமக்கவும் வந்த குடும்பங்களில் பலவற்றுக்குக் கூலி கிடைத்தது, வீடு கிடைக்கவில்லை. நடைபாதையில் தார்ப்பாய் கட்டிக் குடியிருந்தார்கள். சில பிள்ளைகள் குடும்பத்தை விட்டுத் தனியாகவே தெருவுக்கு வந்தார்கள். 1995இல் தொடங்கிய கருணாலயா இத்தகைய பிள்ளைகளுக்குத் தங்குமிடமும் படிப்பும் தருகிறது. கால்பந்து இந்தப் பகுதிக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய ஆட்டம் அல்ல. பக்கத்து வியாசர்பாடியில் முல்லை நகர் மைதானத்தில் தலைமுறை தலைமுறையாகப் பந்து உருளுகிறது. மட்டையும் பேடும் வாங்க வேண்டிய கிரிக்கெட்டுக்கு ஆகும் செலவு இதற்கு இல்லை. ஒரு பந்து இருந்தால் வெறுங்காலோடு இருபது பேர் ஆடலாம்.

லீக் சுற்றின் அருமையைக் காட்டிய ஓர் ஆட்டம் மூன்று மாதம் கழித்து இதே டர்பனில் நடந்தது. 2010 ஜூன் 16 அன்று மோசஸ் மபீடா அரங்கில் ஸ்பெயினும் சுவிட்சர்லாந்தும் மோதின. பந்து பெரும்பாலும் ஸ்பெயின் காலிலேயே இருந்தது. 52ஆவது நிமிடத்தில் சுவிஸ் வீரர் டெர்டியோக் உள்ளே பாய, கோல்கீப்பர் கசியாஸ் குறுக்கே விழ, தடுக்க வந்த பீக்கேயும் சேர்ந்து உருள, குழப்பத்தில் தெறித்த பந்தை ஜெல்சன் ஃபெர்னாண்டஸ் வலைக்குள் தள்ளினார். பிறகு சாபி அலோன்சோ அடித்த பந்து கோல் கம்பத்தின் மேல் கட்டையில் பட்டுத் திரும்பியது. 0-1 என்று தோற்ற ஸ்பெயின், மீதி இரண்டு லீக் ஆட்டங்களையும் வென்று, கடைசியில் கோப்பையையே வென்றது. முதல் ஆட்டத்தில் தோற்று உலகக் கோப்பையை வென்ற முதல் அணி அதுதான்.

உலகக் கோப்பை லீக் சுற்றில் ஆடும் வாய்ப்பு இந்திய ஆண்கள் சீனியர் அணிக்கு ஒரே ஒரு முறை வாசல் வரை வந்தது. 1950 பிரேசில் உலகக் கோப்பையில் இத்தாலி, ஸ்வீடன், பராகுவே உள்ள பிரிவில் இந்தியாவுக்கு இடம் கிடைத்தும் அணி போகவில்லை. 2017இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை இந்தியா நடத்தியபோது அமெரிக்கா, கொலம்பியா, கானா மூன்றிடமும் தோற்று லீக்கோடு வெளியேறியது. கொலம்பியாவுக்கு எதிராக ஜீக்சன் சிங் அடித்ததே ஃபிஃபா உலகக் கோப்பை ஒன்றில் இந்தியாவின் முதல் கோல்.

தெருவோரப் பிள்ளைகளுக்குத் தகுதிச் சுற்று மைதானத்தில் இல்லை. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இருக்கிறது. பிறந்த தேதிக்குச் சான்று, பெற்றோர் அல்லது காப்பாளர் பெயர், நிரந்தர முகவரி என்று அந்தப் படிவம் கேட்பவை நடைபாதையில் வளரும் பிள்ளைகள் பலரிடம் இருக்காது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இன்படி 21 நாட்களுக்குள் பிறப்பைக் கட்டணமின்றிப் பதியலாம். ஓராண்டு கடந்துவிட்டால் மாஜிஸ்திரேட் உத்தரவு தேவை. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனையில் பிறந்த குழந்தையின் பிறப்பு மாநகராட்சிப் பதிவேட்டில் ஏறிவிடும். ஆனால் பெயர்க் கட்டம் காலியாகவே கிடக்கும். பெற்றோர் இடம் மாறி அலைந்தால் அதை நிரப்ப யாரும் திரும்பி வர மாட்டார்கள். 2016 டிசம்பரில் விதி கொஞ்சம் தளர்ந்தது: ஆதரவற்ற குழந்தைக்கு, இல்லத் தலைவர் பிறந்த தேதியை உறுதிசெய்து தரும் கடிதமே பாஸ்போர்ட்டுக்குப் போதும் என்றானது. 2023 திருத்தம் மறுபக்கம் இறுக்கியது: அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம்.

டர்பனுக்குப் பிறகும் இந்தப் பயணம் நிற்கவில்லை. 2018 மே மாதம் மாஸ்கோவில் நடந்த தெருவோரக் குழந்தைகள் உலகக் கோப்பைக்குக் கருணாலயாவிலிருந்து பெண்கள் அணி போனது. 2019இல் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் தெருவோரக் குழந்தைகளுக்கான கிரிக்கெட் இறுதி ஆட்டத்தில் தென்னிந்திய அணி இங்கிலாந்தை வென்றது. அதிலும் இந்த இல்லத்துப் பிள்ளைகள் இருந்தார்கள். 2023இல் அந்தக் கிரிக்கெட் கோப்பை சென்னைக்கே வந்தது.

வடசென்னையில் ஆடத் தெரிந்த பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை என்பது டர்பனிலேயே தெளிவானது. பஞ்சம் காகிதத்தில்தான். நடைபாதைக் குடும்பத்தில் குழந்தை பிறந்தது தெரிந்தால், அக்கம்பக்கத்தார் 21 நாட்களுக்குள் பதிவு செய்ய உதவலாம். பிறப்பு பதிவாகியும் பெயர் விடுபட்டிருந்தால், 15 ஆண்டுகள் வரை மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் அதைச் சேர்க்கலாம். முதலில் செய்ய வேண்டியது அதுவே.