மடவை துள்ளும் இடம்

கடற்கரையில் நின்று பெரிய மீன் பிடிக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் போய் நிற்பது கடையில். ராடு எத்தனை அடி, நரம்பு எத்தனை பவுண்டு, முள் எந்த நம்பர் என்று விசாரித்து வாங்கி முடித்த பிறகுதான் இரையின் நினைவு வருகிறது. அதையும் போகிற வழியில் கால் கிலோ இறால் வாங்கிக்கொண்டால் ஆயிற்று என்று தீர்த்துவிடுகிறார்கள். எனக்கு இந்த வரிசை தலைகீழாகத் தெரிகிறது. முதலில் தண்ணீரைப் பார்க்க வேண்டும். அந்தத் தண்ணீரில் அன்றைக்கு எது திரிகிறதோ அதுதான் இரை. அந்த இரை முள்ளில் எப்படி இருந்தால் மீன் சந்தேகப்படாமல் வாய் வைக்குமோ, அதற்கேற்றபடிதான் முள்ளும் ஈயமும் சேர்ந்த கட்டு. சின்ன மீன் கூட்டமாக வரும், கண்டதைக் கடிக்கும். பெரியது குறிப்பிட்ட இடத்துக்குக் குறிப்பிட்ட நேரத்தில் குறிப்பிட்ட தீனிக்காக வருகிறது. அந்தத் தீனி நம்மிடம் இல்லையென்றால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ராடும் உதவாது.

சென்னைக்குத் தெற்கே, கோவளத்தில் முட்டுக்காட்டு உப்பங்கழி கடலோடு சேரும் இடத்தை எடுத்துக்கொள்கிறேன். கோடையில் அங்கே மணல் மேடிட்டு வாய் குறுகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்ததும் கழியில் தண்ணீர் ஏறி, மணலை அறுத்துக்கொண்டு கடலுக்குப் பாயும். அப்போது கரையில் நின்று பார்த்தாலே கலங்கல் தண்ணீர் எங்கே முடிகிறது, கடலின் பச்சை எங்கே தொடங்குகிறது என்று ஒரு கோடு தெரியும். கழிக்குள் வளர்ந்த மடவையும் இறாலும் அந்த ஓட்டத்தோடு வெளியே வரும். கொடுவா அதற்காகவே கோட்டின் ஓரத்தில் காத்திருக்கும். காலா கலங்கலுக்குள்ளேயே புகுந்து மேயும். பாறை மீன்கள் நுரை வெளுத்த இடத்தில் கூட்டமாக வந்து அடித்துவிட்டுப் போகும்.

நம் கிழக்குக் கரையில் ஏற்றவற்றம் பெரிதல்ல. சென்னைப் பக்கம் அமாவாசை, பௌர்ணமியில்கூட ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் வித்தியாசம். ஆனால் முகத்துவாரத்தில் அந்த ஒரு மீட்டரே போதும். வற்றம் தொடங்கியதும் கழித் தண்ணீர் வேகம் பிடித்து வெளியேறும், தீனியும் அதோடு வரும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மழைக்காலத்தில் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே போகும், பங்குனிக்குப் பிறகு தெற்கிலிருந்து வடக்கே திரும்பும். ஆகவே மழைக்காலத்தில் கலங்கல் தெற்குப் பக்கமாகச் சாயும். நான் நிற்பதும் தெற்குக் கரையில்தான், வாயிலிருந்து நன்றாகத் தள்ளி. வாயின் விளிம்பில் மணல் திடீரென்று சரியும், உள்ளே இழுப்பு கடுமையாக இருக்கும். அங்கே யாரும் நிற்கக் கூடாது என்பதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

முகத்துவாரம் இல்லாத திறந்த கடற்கரையிலும் தண்ணீர் பேசாமல் இருப்பதில்லை. அலை எங்கே உடைந்து வெளுக்கிறதோ அங்கே மணல் திட்டு. எங்கே உடையாமல் கறுத்துக் கிடக்கிறதோ அங்கே பள்ளம். கரைக்கும் முதல் திட்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம் கரையோடு ஒட்டியே ஓடும், சில இடங்களில் அது முப்பது நாற்பது மீட்டர் தூரம்கூட இருக்காது. பொழுது சாய்ந்ததும் பெரிய மீன் அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான் நடமாடுகிறது. திட்டு அறுந்து பள்ளம் கடலோடு சேரும் இடம்தான் அதற்கு வாசல். நூறு மீட்டர் எறிவதே திறமை என்று நம்புகிறவர்கள் இரையை மீனின் தலைக்கு மேலாகத் தாண்டி எறிந்துவிட்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

கோவளம் குப்பத்தில் கைத்தூண்டிலும் வீச்சுவலையும் மட்டுமே வைத்துப் பிழைக்கும் ஒரு பெரியவர் தண்ணீரைப் பார்ப்பது பற்றி எனக்குச் சொன்ன விதம் வேறு. எங்கே எறியலாம் அண்ணா என்று கேட்டேன். "எங்க எறியறதுன்னு அப்புறம் பாத்துக்கலாம் தம்பி. மடவ எங்க துள்ளுதுன்னு மொதல்ல பாரு. அது சும்மா துள்ளாது" என்றார். அவர் அரைமணி நேரம் கரையில் குந்தியபடியே இருந்தார், வலையைத் தொடவில்லை. ஒரு முறை மடவை சிதறித் துள்ளியது, பிறகு அதே இடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு முறை. அதற்குப் பிறகுதான் எழுந்தார்.

இரை என்றால் என் கணக்கில் மடவைதான் முதலில் நிற்கிறது. உயிரோடு கிடைத்தால் அதற்கு ஈடு இல்லை. கழியில் வீச்சுவலை போடுகிறவர்களிடம் காலையிலோ சாயங்காலமோ போய்க் கேட்டால், ஒரு சாண் நீளத்துக்குக் கொஞ்சம் குறைந்த மடவையை வாளித் தண்ணீரில் வாங்கிவரலாம். அதன் மேலுதட்டில் மட்டும் முள்ளைக் குத்த வேண்டும். கீழுதட்டையும் சேர்த்துக் குத்தினால் வாய் மூடிக்கொள்ளும், செவுளில் தண்ணீர் போகாமல் சீக்கிரம் செத்துவிடும். மேலுதட்டில் குத்திய மடவை ஓட்டத்தை எதிர்த்துத் தலை வைத்து நிற்கும், வால் ஆடிக்கொண்டே இருக்கும். ஆனால் உயிர் மடவையை வேகமாகச் சுழற்றி எறிய முடியாது. கிட்டத்துப் பள்ளத்தில் மெதுவாக இறக்குவதற்குத்தான் அது.

தூரம் வேண்டுமென்றால் வெட்டிய மடவை. முதுகுத் துடுப்புக்குச் சற்றுப் பின்னால் சாய்வாக ஒரே வெட்டு வெட்டினால் தலைப்பாதி கிடைக்கும். குடலை எடுக்கக் கூடாது, வாசனையும் ரத்தமும் அங்கிருந்துதான் இறங்குகின்றன. நண்டும் கெளிறும் சதைத்துண்டை ஐந்து நிமிடத்தில் சுரண்டித் தீர்த்துவிடும், ஆனால் தலையை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. பெரிய மீன் வரும்வரை முள்ளில் தங்கியிருக்கும் இரையே பெரிய மீனுக்கான இரை. முழு மீனாகப் போடும்போது வாலை வெட்டிவிடுவது நல்லது, காற்றிலும் ஓட்டத்திலும் சுழன்று நரம்பை முறுக்காது. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இழுத்துப் பார்த்து, வெளுத்துப்போயிருந்தால் தயங்காமல் மாற்ற வேண்டும். ரத்தம் கழுவிப்போன துண்டு தண்ணீரில் கிடந்தும் பயனில்லை.

காலாவுக்கு வேறு கணக்கு. அதன் வாய் மூக்குக்குக் கீழே இருக்கிறது, மார்புத் துடுப்புக்கு அடியில் நூல்போல நான்கு இழைகள் தொங்குகின்றன. கண் எட்டாத கலங்கலில் அந்த இழைகளால் தரையைத் தடவிக்கொண்டே போகிறது. அதனால் இரை தரையில்தான் கிடக்க வேண்டும், அதுவும் அது வழக்கமாகத் தின்னும் இறாலாக இருந்தால் சிறப்பு. வெள்ளை இறாலின் வால்விசிறியைக் கிள்ளிவிட்டு, வால் பக்கமாக முள்ளை நுழைத்து உடலோடு வளைத்து முனையை வயிற்றுப் பக்கம் வெளியே எடுக்க வேண்டும். இறால் மென்மையானது, எறிகிற வேகத்தில் பிய்ந்து பறந்துவிடும். மெல்லிய எலாஸ்டிக் நூலால் நாலு சுற்றுச் சுற்றினால் அப்படியே நிற்கும், முடிச்சுகூடத் தேவையில்லை. ஐஸ் பெட்டியில் கிடந்து தலை கறுத்த இறாலைவிட, கழியில் அன்று பிடித்த சின்ன இறால் எவ்வளவோ மேல். கணவாய்த் துண்டு உறுதியானது, இருட்டிலும் வெள்ளையாகத் தெரியும், நண்டுக்கும் கொஞ்சம் தாங்கும். மடவை இல்லாத நாளில் அதையும் மத்தியையும் சேர்த்துக் கட்டுவேன். மத்தியில் எண்ணெய் இருக்கிறது, கணவாயில் உறுதி இருக்கிறது.

இரை முடிவானால் கட்டு தானாக முடிவாகிவிடும். மடவைத் தலைக்கும் உயிர் மடவைக்கும் ஓடும் ஈயக் கட்டுதான். ஈயம் நரம்பில் வழுக்கி ஓடும், அதற்கு அடியில் ஒரு மணி, ஒரு ஸ்விவல், ஸ்விவலுக்குக் கீழே முழங்கை நீளத்துக்குக் கனமான நரம்பு, அதன் நுனியில் ஒரே ஒரு முள். கொடுவா இரையை எடுத்துக்கொண்டு நகரும்போது ஈயத்தின் கனம் அதற்குத் தெரியாது. கீழ் நரம்பு நீளமாக இருந்தால் இரை இயல்பாக ஆடும் என்று சிலர் ஒரு மீட்டருக்கு மேல் விடுகிறார்கள். அலை புரளும் இடத்தில் அது ஈயத்தையே சுற்றிக்கொண்டு சிக்காகிவிடும். நான் குட்டையாகவே விடுகிறேன். கீழ் நரம்பு 60 பவுண்டுக்குக் குறையக் கூடாது. கொடுவாவுக்கு நரம்பை அறுக்கிற பல் இல்லை, ஆனால் செவுள் மூடியின் ஓரம் கத்தி. தலையை உதறித் துள்ளும்போது அதில் ஒரு முறை உரசினால் மெல்லிய நரம்பு போய்விடும். பல்லுள்ள ஊளி நடமாடும் நாட்களில் மட்டும் கம்பி போட்டுக்கொள்கிறேன்.

கற்கள் கொட்டிய தூண்டில் வளைவுப் பக்கம் இந்தக் கட்டு உதவாது. ஈயம் கல்லுக்குள் போய் மாட்டும். அங்கே ஈயமும் முள்ளும் ஒரே நரம்பின் இரண்டு முனைகளிலும் இருந்து, நடுவில் ஒரு வளையத்தின் வழியாக ஓடும் புல்லி கட்டு வேண்டும். மீன் இழுக்கும்போது அதன் பலமே ஈயத்தைக் கல்லிலிருந்து மேலே தூக்கிவிடும்.

ஈயத்தின் எடையைத் தீர்மானிப்பதும் தண்ணீர்தான். அமைதியான நாளில் 80 கிராம் போதும். ஓட்டம் இழுக்கும் நாளில் 150 கிராம் உருண்டைகூட உருண்டுகொண்டே போய்க் கரையேறிவிடும். அப்போது கூடுதல் கனத்தைவிட, நான்கு கம்பிக் கால்கள் வைத்த ஈயம் மேல். கால்கள் மணலில் ஊன்றிக்கொள்ளும், மீன் இழுத்தால் மடங்கிக் கொடுக்கும். கனத்த ஈயத்தை முழு பலத்தோடு வீசுகிறவர் நரம்பின் முன்பகுதியில் தடித்த லீடர் கட்டாமல் வீசவே கூடாது. 28 கிராம் ஈயத்துக்கு 10 பவுண்டு என்பது உலகெங்கும் கடற்கரையில் வீசுகிறவர்கள் வைத்திருக்கும் கணக்கு. 112 கிராமுக்கு 40 பவுண்டு லீடர், ரீலில் சில சுற்று இருக்கும் நீளத்துக்கு. வீச்சின் நடுவில் நரம்பு அறுந்தால் அந்த ஈயம் கரையில் நிற்கிற யார் தலையிலும் விழலாம். மாலையில் குழந்தைகள் ஓடித் திரியும் கடற்கரை நம்முடையது.

முள்ளைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு: உயிருள்ள, வெட்டிய இரைகளுக்கு சர்க்கிள் முள்தான். அதன் முனை தண்டை நோக்கி உள்ளே வளைந்திருப்பதால் தொண்டைக்குள் போனாலும் எதிலும் குத்தாமல் வழுக்கி வெளியே வரும். மீன் திரும்பி ஓடும்போது வாயின் மூலையில் போய்ப் பிடித்துக்கொள்ளும். பசிபிக் தீவுகளில் எலும்பிலும் சிப்பியிலும் செய்த பழைய தூண்டில்களில் பல இதே வளைவுடன்தான் இருக்கின்றன. அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் ஸ்ட்ரைப்டு பாஸ் மீனுக்கு இயற்கை இரை போடுகிறவர்கள் சர்க்கிள் முள்தான் பயன்படுத்த வேண்டும் என்று 2021 முதல் விதியே இருக்கிறது. இதில் கைப்பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். கடித்ததும் ராடை வெட்டி இழுத்தால் முள் வாயிலிருந்து வெறுமனே வெளியே வந்துவிடும். நரம்பு இறுகும்வரை பொறுத்து, ரீலை மட்டும் சீராகச் சுற்ற வேண்டும். இரை முள்ளின் வாயை அடைத்துக்கொள்ளவும் கூடாது. மடவைத் தலையில் மேலுதட்டு ஓரத்தில் கொஞ்சம் சதையை மட்டும் பிடித்து, வளைவு முழுவதையும் வெளியே விட்டுவிட வேண்டும். தலைக்கு 8/0, இறாலுக்கு 4/0 எனக்குச் சரியாக வருகிறது.

சர்க்கிள் முள்ளை நான் விடாமல் சொல்வதற்குக் காரணம் கொடுவா. அது ஆணாகப் பிறந்து, சில ஆண்டுகள் ஆணாகவே இருந்து, பிறகு பெண்ணாக மாறும் மீன். முட்டையிடுவதும் முகத்துவாரத்தை ஒட்டிய உப்பு மிகுந்த நீரில்தான். கோவளத்துக்குப் பக்கத்திலேயே, முட்டுக்காட்டில் இருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் நிலையத்தில்தான் 1997ல் இந்தியாவில் முதன்முறையாகக் கொடுவாவைத் தொட்டியில் வைத்து முட்டையிடச் செய்தார்கள். காலாவும் ஆணிலிருந்து பெண்ணாக மாறும் இனம்தான். ஆக, கரையில் நிற்பவர் பெருமையோடு படம் பிடித்துக்கொள்ளும் அந்த மிகப் பெரிய கொடுவா ஏறக்குறைய எப்போதும் ஒரு தாய். ஒரு பருவத்தில் லட்சக்கணக்கில் முட்டையிடக்கூடியது.

வாயோரத்தில் முள் பிடித்த மீனை நான் மணலில் இழுத்துப் போடுவதில்லை. அலை வந்து போகும் ஈரத்திலேயே வைத்து, நனைந்த கையால் அடிவயிற்றைத் தாங்கி, குறட்டால் முள்ளைத் திருப்பி எடுத்து, தலையை அலைக்கு எதிராகப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். வால் வலுவாக அடித்ததும் விட்டுவிடுகிறேன். கைக்கு அடக்கமான மீன் கிடைத்தால் வீட்டுக்குக் குழம்புக்கு எடுத்துப் போகிறேன். அந்தப் பெரியவர் பெரிய கொடுவாவை விடமாட்டார், விடச் சொல்லி நான் கேட்டதும் இல்லை. அந்த ஒரு மீனில் அவர் வீட்டுக்கு அரிசியும் பேத்திக்குப் பள்ளிக்கூடப் பணமும் இருக்கிறது. அவரிடம் இருப்பது ஒரு கைத்தூண்டிலும் ஒரு வலையும். எனக்குச் சம்பளம் வேறு இடத்திலிருந்து வருகிறது, ஆகவே விடுகிற வேலை என்னுடையது.