தும்மினால் நூறு

இந்தக் கட்டுரை வரலாமா வேண்டாமா என்று முடிவு செய்தது நான் இல்லை, என் மனைவி. எழுதி முடித்து அவளிடம் கொடுத்தேன். சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இருபத்தெட்டு வருஷமாகத் தமிழ் டீச்சர். வேறு நிறம் அவள் கைக்கு வராது. மூன்று வரிகளை அடித்தாள். இரண்டு சந்திப்பிழைகளைத் திருத்தினாள். "போடுங்க. என் பேரு மட்டும் வேணாம்" என்றாள்.

அந்தத் தைரியத்தில் சொல்கிறேன். எனக்குத் தும்மல் பிடிக்கும்.

சிரிப்பு வருகிறதா? பரவாயில்லை, சிரித்துவிட்டு வாருங்கள். நான் தும்முவது அல்ல, ஒரு பெண் தும்முவது. அதிலும் தும்மலுக்கு முந்தைய அந்த ஒரு நொடி. பேச்சு பாதியில் நிற்கும், கண் சொருகும், கை கைக்குட்டையைத் தேடும். மற்ற ஆண்களுக்கு இடுப்பும் கூந்தலும் என்ன செய்யுமோ, எனக்கு அது செய்யும். ஏன் என்று கேட்டால் தெரியாது. உங்களுக்கு ஏன் கூந்தல் பிடிக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா என்ன?

இதற்கு ஆங்கிலத்தில் ஃபெட்டிஷ் என்று பெயர். 1887-ல் ஆல்ஃபிரட் பினே என்ற பிரெஞ்சுக்காரர் இந்த வார்த்தையைக் காமத்தோடு முடிச்சுப்போட்டு ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். பின்னாளில் பள்ளிப் பிள்ளைகளின் அறிவுத்திறனை அளக்க முதல் சோதனையை உருவாக்கினாரே, அதே பினேதான். எனக்கு இருப்பதற்கு ஒரு பெயர் உண்டு என்பதே முப்பது வயது வரை எனக்குத் தெரியாது. உலகத்திலேயே நான் ஒருத்தன்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதன்முதலில் நான் சொன்னது 1996-ல், பெங்களூரில். கூட வேலை பார்த்த பெண். இருவருக்கும் பிடித்திருந்தது, வீட்டில் பேசலாம் என்கிற அளவுக்கு வந்துவிட்டது. ஒளிவுமறைவு கூடாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காபி குடிக்கும்போது சொல்லிவிட்டேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். திங்கட்கிழமை காலையில் ஆபீசுக்குள் நுழைந்தபோது மூன்றாவது மேஜையிலிருந்து ஒருவன் "ஹச்!" என்றான். அடுத்த மேஜையிலிருந்து இன்னொருவன். மதியத்துக்குள் மாடி முழுக்கத் தும்மல். நாலு மாதத்தில் வேலையை விட்டுச் சென்னைக்கு வந்துவிட்டேன். வீட்டில் தண்ணீர் ஒத்துக்கவில்லை என்று சொன்னேன்.

அடுத்து ஒரு டாக்டர். வாரப் பத்திரிகைகளில் 'இளமையில் செய்த தவறு' என்று விளம்பரம் கொடுத்து லாட்ஜில் ரூம் போட்டு உட்கார்ந்திருப்பார்களே, அவர்களிடம் போகவில்லை. அவ்வளவு புத்தி இருந்தது. முறையாகப் படித்த மனநல மருத்துவரிடம்தான் போனேன். ரெண்டு மணி நேரம் காத்திருந்து, ரெண்டு நிமிஷம் பேசினேன். நான் சொன்னதை அவர் முழுசாகக் கேட்கக்கூட இல்லை. "சளி இருக்கா?" என்றார். எனக்கு இல்லை சார், அவங்களுக்கு என்றேன். யாருக்கு என்றார். விளக்குவதற்குள் வியர்த்துவிட்டது. கடைசியில் தூங்க ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து, "கல்யாணம் பண்ணிக்கப்பா, எல்லாம் சரியாப் போயிடும்" என்று அனுப்பிவிட்டார்.

அப்போது அவர் மேல் கோபம் வந்தது. பிற்பாடு வேறு ஒன்றைப் படித்தபோது, மாத்திரையோடு விட்டாரே என்று நன்றிகூட வந்தது. 1956-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு நோயாளியைப் பற்றிய கட்டுரை வந்தது. பெண்களின் கைப்பையையும் குழந்தைகளைத் தள்ளிக்கொண்டு போகும் வண்டியையும் பார்த்தால் கிளர்ச்சி அடைகிற மனிதர். வண்டிகளைச் சேதப்படுத்திப் போலீஸ் வரைக்கும் போனவர். அவரை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, குமட்டல் வருகிற ஊசியைப் போட்டு, வாந்தி வரும் நேரம் பார்த்து எதிரில் கைப்பையைக் காட்டியிருக்கிறார்கள். ராத்திரி பகலாக. அன்றைய வைத்தியம் அது.

1999-ல் எனக்குக் கல்யாணம். பெண் திருவாரூர்ப் பக்கம். பெண் பார்க்கப் போன அன்று அவள் தும்மவில்லை என்று சத்தியம் செய்கிறேன். சென்னைக்கு வந்த இரண்டாவது மாதம் ஆரம்பித்தது. காலையில் எழுந்தவுடன் வரிசையாக ஏழு, எட்டு. போர்வையை உதறினால் ஐந்து. பரணைத் திறந்தால் கணக்கே கிடையாது. என் மாமியார் ஊரிலிருந்து வரும்போதெல்லாம் "நூறு, நூறு" என்று வாழ்த்தியே களைத்துப்போவார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. (இந்த இடத்தில்தான் இரண்டு வரிகள் அடிபட்டன.)

விஜய் டி.வி.யில் டாக்டர் மாத்ருபூதம் 'புதிரா புனிதமா' நடத்திய காலம் அது. அவள் தூங்கிய பிறகு சத்தத்தைக் குறைத்துவைத்துப் பார்ப்பேன். யாராவது ஒருத்தர் தும்மலைப் பற்றிக் கேட்டுவிட மாட்டார்களா என்று. நான் பார்த்தவரை யாரும் கேட்கவில்லை.

சொன்னது 2003 போகியன்று. பரணைச் சுத்தம் செய்துகொண்டிருந்தவள் ஏணியில் நின்றபடி தும்மத் தொடங்கி, நிறுத்த முடியாமல் இறங்கி உட்கார்ந்தாள். கண்ணெல்லாம் சிவந்து தண்ணீர். நான் விளக்குமாறும் கையுமாகப் பார்த்தபடி நின்றிருந்தேன்.

"ஏன் அப்படிப் பாக்கிறீங்க?"

நாலு வருஷமாக இந்தக் கேள்விக்கு விதவிதமாகப் பொய் சொல்லியாகிவிட்டது. அன்றைக்கு வரவில்லை. சொல்லிவிட்டேன். அசிங்கம் என்பாள், அம்மா வீட்டுக்குப் போவாள், பெங்களூர்க்காரி மாதிரி சிரிப்பாள். எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன். அவள் எதுவும் பேசாமல் முகம் கழுவிவிட்டு வந்தாள். பத்து நிமிஷம் கழித்துக் கேட்டாள்.

"மூக்கு டாக்டர்கிட்ட போலாம்னு நான் சொன்னப்பல்லாம், ஆவி புடி, தானாப் போயிடும்னீங்களே... இதுக்குத்தானா?"

அதற்கு நான் தயாராக இல்லை.

"மூக்கடைச்சு ராத்திரி பூரா உக்காந்தே இருந்திருக்கேன். அப்ப நீங்க சந்தோஷமாவா இருந்தீங்க?"

மறுநாள் பொங்கல். ஒன்றாகத்தான் பொங்கினோம். அதற்கடுத்த வாரம் அவளே தனியாகப் போய் ஒரு காது மூக்கு தொண்டை நிபுணரைப் பார்த்தாள். தூசி அலர்ஜி. வெறும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் தலையணையிலும் மெத்தையிலும் இருக்குமாம், அவைதான் காரணம். உறைகளை வெந்நீரில் துவைக்கச் சொல்லி, மூக்கில் அடிக்க ஒரு ஸ்ப்ரேயும் கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் பாதி குறைந்தது. நாலு வருஷத்துக்கு முன்பே குறைந்திருக்க வேண்டியது.

மீதிப் பாதி வரும்போது அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சொன்னதும் எனக்கு மனசு லேசாகிவிட்டது என்பது நிஜம். ஆனால் என் வீட்டில் ஒருத்தி நினைத்த இடத்தில் தும்ம முடியாமல் போனாள். ரகசியத்தைச் சொல்லிவிடுங்கள், பாரம் இறங்கும் என்கிறார்களே, அது யார் தலையில் இறங்கும் என்று யாரும் சொல்வதில்லை.

2004-ல் ஒரு கவுன்சலரிடம் போனேன். ஐம்பது வயது இருக்கும், காட்டன் புடவை. நான் சொன்னதைக் கேட்டு அவர் முகம் மாறவில்லை. இப்படி நிறையப் பேர் உண்டு, பொருள்தான் ஆளுக்கு ஆள் மாறும் என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இதை எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். அதை விட்டுவிட்டு வேறு கேட்டார்.

"அவங்களுக்கு மூக்குல பிரச்னைன்னு எப்பத் தெரியும்?"

"கல்யாணமான ரெண்டாவது மாசம்."

"வைத்தியம் எப்ப நடந்தது?"

"நாலு வருஷம் கழிச்சு."

"தும்மல் பிடிக்கிறது உங்க கையில இல்ல சார். அந்த நாலு வருஷம் உங்க கையிலதான இருந்துச்சு? அதைப் பத்திப் பேசுவோமா?"

பதினோரு வாரம் அதைப் பற்றித்தான் பேசினோம்.

அவர் அன்று சொன்னதைப் பிறகு புத்தகங்களும் சொல்லிவிட்டன. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013-ல் வந்த ஐந்தாம் பதிப்பில், விசித்திரமான ஈர்ப்பு மட்டுமே நோய் ஆகாது, அதனால் தனக்குத் துன்பமோ அடுத்தவருக்குத் தீங்கோ வந்தால்தான் நோய் என்று பிரித்தது. 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் ஃபெட்டிஷிசம் என்ற தலைப்பே இல்லை. படித்ததும் அவளிடம் காட்டினேன். "அடுத்தவருக்குத் தீங்கு" என்ற இடத்தில் விரலை வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

ஒரு நாள் காலையில், கவுன்சலரிடம் போக ஆரம்பித்து ஆறேழு மாதம் இருக்கும், சாப்பாட்டு மேஜையில் திருக்குறள் விரித்துவைத்திருந்தது. நிறையழிதல் அதிகாரம். காமத்தை மறைக்கத்தான் பார்க்கிறேன், அது தும்மலைப் போலச் சொல்லாமல் கொள்ளாமல் வெளியே வந்துவிடுகிறது என்று ஒருத்தி புலம்புகிற குறளுக்குப் பென்சிலில் கோடு. புலவி நுணுக்கத்தில் இன்னும் மூன்று தும்மல்களுக்கும் கோடு. அதில் ஒன்றில் கணவன் தும்மலை அடக்குகிறான். என்னிடமிருந்து எதை மறைக்கிறாய் என்று மனைவி அழுகிறாள்.

"வள்ளுவருக்கும் இருந்திருக்கும் போல" என்றாள், டிபன் பாக்ஸை மூடியபடி. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ஆனால் பஸ் ஸ்டாப் வரை கூட வரச் சொன்னாள்.

2020-ல் கொரோனா வந்தபோது, ரேஷன் கடை வரிசையில் ஒருவர் தும்மினால் ஊரே திரும்பிப் பார்த்தது. முப்பது வருஷமாக நான் மட்டும் செய்துகொண்டிருந்த வேலை.

இப்போது ஸ்ப்ரே வாங்கி வருவது என் பொறுப்பு. போன மாதம் தீர்ந்துவிட்டது. வழக்கமான கடையில் இல்லை. மழையில் நாலு மெடிக்கல் ஷாப் ஏறி இறங்கி, ராத்திரி ஒன்பதரைக்கு நனைந்துபோய் வந்தேன்.

"நாளைக்கு வாங்கினா ஆகாதா? ஒரு நாள் தும்மினா என்ன, செத்தா போயிடுவேன்?" என்று துண்டை நீட்டினாள்.

தலையைத் துவட்டிக்கொண்டேன். தும்மல் வரும்போது சில நாள் அவள் பால்கனிக்குப் போகிறாள். சில நாள் உட்கார்ந்த இடத்திலேயே தும்முகிறாள். எந்த நாள் எது என்று நான் கேட்டுக்கொள்வதில்லை.