இரண்டே முக்கால் மணி நேரம்

ஆறாம் ஆண்டில் எங்கள் தமிழ்ப்பள்ளிக் கணித ஆசிரியை கரும்பலகையில் எழுதிப் போட்டது இன்னும் மறக்கவில்லை: தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம். தேசிய இடைநிலைப்பள்ளியில் அதையே மலாயில் படித்தேன். மொழி மாறினாலும் விடை மாறவில்லை. சபாவில் பல்கலைக்கழக இடம் கிடைத்த பிறகுதான் அந்தக் கணக்கு எனக்கு உதைக்கத் தொடங்கியது.

பினாங்கிலிருந்து கோத்தா கினபாலு வான்வழியே ஏறக்குறைய 1,750 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகம் என்றால் இரண்டேகால் மணி நேரத்தில் போய்விடலாம். ஓடுபாதைக்கு ஊர்வது, மேலேறுவது, இறங்குவது எல்லாம் சேர்த்து நேரடி விமானத்தில் இரண்டே முக்கால் மணி நேரம்.

"எவ்ளோ தூரம் கண்ணு?" என்று சுங்கைப்பட்டாணி வீட்டு வாசலில் பாட்டி கேட்டார்.

"ரெண்டே முக்கா மணி நேரம்தான் பாட்டி."

"அவ்ளோதானா! எங்கப்பா நாகப்பட்டினத்துலேர்ந்து கப்பல்ல ஒரு வாரம் வந்தாரு" என்று சிரித்தார்.

இங்கு வந்த முதல் நாளே வியப்பு. உள்நாட்டுப் பயணம்தான், ஆயினும் குடிநுழைவு முகப்பில் அடையாள அட்டையைக் காட்ட வேண்டியிருந்தது. மாலை ஆறேகாலுக்கே சூரியன் மறைந்தது. இரு ஊர்களுக்கும் இடையே தீர்க்கரேகையில் ஏறக்குறைய 16 பாகை. பாகைக்கு நான்கு நிமிடம் என்றால் ஒரு மணி நேரத்துக்கும் சற்று அதிகம். ஆனால் கடிகாரம் ஒன்றுதான். 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்பத்தின் நேரத்தை அரை மணி முன்னே நகர்த்தி, சபா, சரவாக்கோடு ஒன்றாக்கினார்கள். சூரியனுக்கு யாரும் சொல்லவில்லை போலும்!

பாட்டி தினமும் விளக்கேற்றியதும் அழைப்பார். "வெளக்கு வச்சாச்சு கண்ணு. அங்க இருட்டிருச்சா?" அவருக்கு அப்போதுதான் அந்தி, எனக்கோ இருட்டி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

சென்ற ஆண்டு ஒரு மாலை, "அசைன்மெண்ட் இருக்கு பாட்டி, நாளைக்குப் பேசுறேன்" என்று சட்டென்று வைத்துவிட்டேன். மறுநாள் இரவு எட்டு மணிக்கு அம்மா அழைத்தார். பாட்டி மருத்துவமனையில்.

அன்றிரவு விமானம் இல்லை. மறுநாள் நண்பகல் விமானத்தில் தென்சீனக் கடலைக் கடந்து, பாயான் லெப்பாசில் இறங்கி, பாலத்தைத் தாண்டி, பாட்டியின் கட்டிலருகே நின்றபோது மாலை நாலரை. அம்மா அழைத்ததிலிருந்து இருபதரை மணி நேரம்! பாட்டிக்குப் பேச்சு நின்றிருந்தது. என் விரலை மட்டும் பற்றிக்கொண்டார். இரண்டாம் நாள் போய்விட்டார்.

நண்பர்களே, விமானச் சீட்டில் அச்சிடப்பட்டிருப்பது பறக்கும் நேரம் மட்டுமே. வீட்டுக்கும் நமக்கும் உள்ள தூரம் அதில் இல்லை. நான் வைத்துவிட்ட அந்த அழைப்புக்குத் திரும்பிப் போக எந்த விமானமும் கிடையாது.

தமிழ்ப்பள்ளி ஒன்றுகூட இல்லாத இந்த மாநிலத்தில், விடுதி அறையில், இப்போதும் ஆறேகாலுக்கு இருட்டுகிறது. ஒரு மணி நேரம் காத்திருந்து அம்மாவை அழைக்கிறேன்.

"வெளக்கு வச்சாச்சாம்மா?"

இப்போது கேட்பது நான்.