மழையின் பின்னால் ஒரு சாலை

வானகா ஏரிக்கரையில், தண்ணீருக்குள் ஒற்றையாக நிற்கும் வில்லோ மரம் ஒன்று இருக்கிறது. நியூசிலாந்தின் தென்தீவுக்குப் போகிறவர்கள் அதைப் படம் எடுக்காமல் திரும்புவதில்லை. நாங்கள் போன காலையிலும் முக்காலிகளோடு ஒரு கூட்டம் காத்திருந்தது. நானும் எடுத்தேன். படம் நன்றாகத்தான் வந்தது. ஆனால் ஊர் திரும்பிய பிறகு அந்த மரத்தைப் பற்றி யாரிடமும் பேசத் தோன்றவில்லை. அங்கிருந்து வடக்கே கிளம்பி, மலையைத் தாண்டி மேற்குக் கடற்கரைக்கு இறங்கும் 6-ஆம் எண் நெடுஞ்சாலையைப் பற்றித்தான் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன். அதிலும் அருவி, ஓடை, சதுப்புக்காடு என்று வழியோரம் பலகை மட்டும் வைத்துவிட்டுச் சும்மா விட்டிருக்கும் சின்ன இடங்களைப் பற்றி.

கார் ஓட்டியது தங்கை மகன். டனீடனில் படிக்கிறான். வானகாவிலிருந்து ஹாஸ்ட் ஊர் வரை சுமார் 140 கிலோமீட்டர். நிற்காமல் போனால் இரண்டு மணி நேரத்தில் சேர்ந்துவிடலாம். எங்களுக்குப் பகல் முழுவதும் ஆயிற்று. பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து தெரிந்தால் போதும், நிறுத்தச் சொல்லிவிடுவேன். “மாமா, பத்து நிமிஷ நடைன்னு போட்டிருக்கான். நீங்க போனா ஒரு மணி நேரம்” என்று அலுத்துக்கொண்டே ஓரம் கட்டுவான்.

இந்தச் சாலை முழுக்க மழையின் கதைதான். டாஸ்மன் கடலிலிருந்து வரும் மேலைக்காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து தெற்கு ஆல்ப்ஸ் மலையில் முட்டுகிறது. இருப்பதையெல்லாம் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிட்டு, வெறுங்கையோடு கிழக்கே இறங்குகிறது. வானகாவில் ஆண்டுக்குச் சுமார் 700 மில்லிமீட்டர் மழை. மலைக்கு அந்தப் பக்கம் ஹாஸ்டில் அதைப்போல ஐந்து மடங்கு. நாங்கள் காய்ந்த பக்கத்திலிருந்து நனைந்த பக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். அக்டோபர் மாதம், அங்கே வசந்தம்.

தொடக்கத்தில் இருபுறமும் வெளிறிய புல் போர்த்திய மொட்டைக் குன்றுகள்தான். சாலை ஹாவியா ஏரியை ஒட்டியே போகிறது. மின்சாரத்துக்காக அந்த ஏரியின் மட்டத்தை 1958-இல் சுமார் 20 மீட்டர் உயர்த்தியதில் பழைய கரை முழுவதும் உள்ளே போய்விட்டது. பிறகு ஒரு குறுகிய மேட்டைக் கடந்ததும், காலையில் விட்டுவந்த வானகா ஏரியின் மறுகோடி வந்து நிற்கிறது. மகரோரா தாண்டியதும் புல் போய் பீச் மரக்காடு தொடங்குகிறது. அங்கே நீலக் குளங்கள் என்றொரு இடம். பெயருக்குக் குறைவில்லாத நீலம். தொங்குபாலத்திலிருந்து பார்த்தால் அடியில் கிடக்கும் கூழாங்கற்களை எண்ணலாம். ஆனால் கூட்டம் அதற்குள் இங்கேயும் வந்துவிட்டது. அதிக நேரம் நிற்கவில்லை.

ஹாஸ்ட் கணவாயின் உயரம் 600 மீட்டர்கூட இல்லை. தெற்கு ஆல்ப்ஸை ரோட்டில் கடக்க இதைவிடத் தாழ்ந்த வழி கிடையாது. பச்சைக்கல் தேடி மாவோரி மக்கள் காலங்காலமாக நடந்த பாதை இது. 1863-இல் ஜூலியஸ் ஹாஸ்ட் என்ற ஜெர்மானிய நிலவியலாளர் கடந்து வந்தார். பெயர் அவருக்குப் போயிற்று. அதே காலத்தில் சார்லஸ் கேமரன் என்ற தங்கம் தேடி, தானே முதலில் கடந்ததாகச் சொன்னார். பல ஆண்டுகள் கழித்து, அவர் மலைமேல் விட்டுப்போன வெடிமருந்துக் குடுவையை நில அளவைக்காரர் ஒருவர் கண்டெடுத்தார். கேமரனுக்கு ஒரு சிகரத்தின் பெயர் கிடைத்தது. யார் முதல் என்ற இந்தச் சண்டையில் மாவோரிகளை இருவருமே கணக்கில் எடுக்கவில்லை என்பது தனிக்கதை.

கணவாயைக் கடந்ததும் கண்ணாடியில் தூறல் விழுந்தது. ஃபேன்டெய்ல் அருவிக்கு நடை சில நிமிடம்தான். பாசி படர்ந்த மரங்களுக்கு நடுவே போய், திடீரென்று ஆற்றுக் கல்படுகையில் வெளிப்படுகிறோம். எதிர்க்கரையில் 23 மீட்டர் உயரத்திலிருந்து விசிறியாக விரிந்து விழுகிறது தண்ணீர். எனக்கு அருவியைவிட, வழியில் கூட வந்த குருவிதான் பிடித்தது. அதன் பெயரும் ஃபேன்டெய்ல். கட்டைவிரல் நீள உடம்பு. வாலை விரித்தால் உடம்பைவிடப் பெரிதாகத் தெரிகிறது. முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் வந்து சுழன்றது, கிளையில் உட்கார்ந்தது, மறுபடி வந்தது. நம்மீது பிரியம் என்று நினைத்துக்கொள்ளத் தோன்றும். நாம் நடக்கையில் புல்லிலிருந்து கிளம்பும் பூச்சிகள்மேல்தான் அதற்குப் பிரியம். நான் நின்றுவிட்டால் அது போய்விடும்; நடந்தால் வந்துவிடும்.

தண்டர் கிரீக் அருவி 28 மீட்டர், ஒரே வீச்சில் விழுகிறது. அதற்குள் மழை வலுத்துவிட்டது. இந்தச் சரிவில் மழை வலுத்தால், பலகையோ பெயரோ இல்லாத நூறு அருவிகள் பாறைச்சுவர்களில் முளைக்கின்றன. அழகு ஒருபுறம் இருக்கட்டும், மலை இங்கே நிலையாக நிற்பதில்லை. 2013-இல் டயானா அருவிப் பக்கம் சரிவு விழுந்து ஒரு வாகனத்தையே ஆற்றோடு கொண்டுபோனது. அதன்பின் அந்த இடத்தை நெடுநாள் இரவில் மூடிவைத்தார்கள். இந்த ரோட்டைப் போட 1929-இல் தொடங்கினார்கள்; ஹாஸ்ட் வரை எட்டியது 1960-இல்தான். ஏன் அவ்வளவு காலம் என்று அன்றைக்கு மழையில் யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

இரவு ஹாஸ்டில் தங்கிவிட்டு மறுநாள் வடக்கே கிளம்பினோம். ஹாஸ்ட் ஆற்றின்மேல் 700 மீட்டருக்கும் மேல் நீளமான பாலம். ஒரே ஒரு வண்டி போகும் அகலம். நடுவில் ஒதுங்க மட்டும் இடம் விட்டிருக்கிறார்கள். எதிரே வந்த லாரிக்காக ஒதுங்கி நின்றோம். ஓட்டுநர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்திவிட்டுப் போனார். அந்தப் பக்கத்து வணக்கம் அவ்வளவுதான்.

ஊரிலிருந்து வடக்கே கால் மணி நேரத்தில் ஷிப் கிரீக். தென்தீவில் ஒரே ஒரு இடத்தில்தான் இறங்க முடியும் என்றால் நான் இங்கே இறங்குவேன். ஷாம்பர்க் என்ற பெரிய பாய்மரக் கப்பல் 1855-இல் லிவர்பூலிலிருந்து மெல்போர்னுக்குத் தன் முதல் பயணத்தைத் தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாக் கரையோரம் மணல்திட்டில் ஏறி உடைந்துபோனது. பயணிகள் எல்லோரும் தப்பிவிட்டார்கள். அதன் உடைந்த துண்டு ஒன்று பல ஆண்டுகள் கழித்து, டாஸ்மன் கடலைத் தாண்டி இந்த ஓடை வாயில் வந்து ஒதுங்கியது. ஓடைக்கு அப்படி வந்ததுதான் பெயர்.

கார் நிறுத்தத்திலிருந்து ஒரு பக்கம் மணல்மேடு, மறுபக்கம் சதுப்புக்காடு. காட்டுப் பக்கம் திரும்பினால் மரப்பலகை நடைபாதை. அதன் கீழே ஓடும் நீர் பால் ஊற்றாத டீ நிறத்தில் இருக்கிறது. அழுக்கு இல்லை, உதிர்ந்த இலைகளின் சாறு மழையில் ஊறி இறங்கிய நிறம். அதற்குள்ளிருந்து நேராகக் கிளம்பி நிற்கின்றன கஹிகடேயா மரங்கள். நியூசிலாந்திலேயே மிக உயரமாக வளரும் மரம். 60 மீட்டர் வரை போகும். அடித்தண்டு பலகை பலகையாக விரிந்து சேற்றை இறுகப் பற்றியிருக்கிறது. பட்டையில் கை வைத்தேன். பட்டை தட்டுப்படவில்லை, பாசி, அதன்மேல் விரல்நீளப் பெரணி, அதன்மேல் வேறொரு கொடியின் வேர், எல்லாவற்றிலும் சொட்டும் தண்ணீர்.

இந்த மரத்துக்கு நேர்ந்த கதி விசித்திரமானது. இதன் வெள்ளைக் கட்டைக்கு வாசனை கிடையாது. அதனால் இங்கிலாந்துக்கு வெண்ணெய் அனுப்பப் பெட்டி செய்யத் தோதாக இருந்தது. சமவெளியின் பெரும்பெரும் கஹிகடேயாக் காடுகள் வெண்ணெய்ப் பெட்டியாகக் கப்பலேறிவிட்டன. காடு இருந்த இடத்தில் அந்த வெண்ணெய்க்கான மாடுகள் மேய்கின்றன. மிஞ்சிய காடுகளைக் காக்கச் சொல்லி மூன்று லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்ட மனு 1977-இல் நாடாளுமன்றத்துக்குப் போனது. இந்தத் தென்மேற்குப் பகுதி முழுவதும் 1990-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

கஹிகடேயா, போடோகார்ப் என்ற பழைய குடும்பத்தைச் சேர்ந்தது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி மழைக்காடுகளில் இதே குடும்பத்து மரம் ஒன்று இருக்கிறது. தென்னிந்தியாவில் தானாக வளரும் ஒரே ஊசியிலை வகை அதுதான். ஊசியிலை வகை என்று சொன்னாலும் அதன் இலை நல்ல அகலம், பார்த்தால் நம்பமாட்டீர்கள். ஷிப் கிரீக்கில் நிற்கும்போது தங்கை மகனிடம் இதைச் சொன்னேன். அவன் கழுத்தில் அறைந்துகொண்டிருந்தான்.

நமு. ஆங்கிலத்தில் மணல் ஈ என்கிறார்கள். ரீங்காரம் கிடையாது, வந்து உட்காருவது தெரியாது, கடித்து முடித்த பிறகுதான் உறைக்கும். மனிதர்கள் இந்த அழகிலேயே தங்கிவிடக்கூடாது என்று ஹினே-நுயி-தே-போ என்ற பெண்தெய்வம் இதை விட்டுவைத்ததாக மாவோரிக் கதை சொல்கிறது. நடந்துகொண்டே இருந்தால் அவ்வளவாகக் கடிப்பதில்லை.

நைட்ஸ் பாயின்ட்டில் செங்குத்தாகக் கடலில் இறங்கும் பாறைகள். வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் போட்டுவந்த ரோடுகள் சேர்ந்து திறக்கப்பட்டது இங்கேதான், 1965-இல். நைட் என்பது ரோடு அளக்க வந்தவர் ஒருவரின் நாய். அமைச்சர் பெயர் வைக்காமல் விட்டதற்கு அந்த நாட்டைப் பாராட்ட வேண்டும்.

மொயராகி ஏரியருகே காரை விட்டுவிட்டு, காட்டுக்குள் முக்கால் மணி நேரம் நடந்தால் மன்றோ கடற்கரை. டவாக்கி என்ற பென்குவின் கூடு கட்டுவது இந்த மழைக்காட்டு மரவேர்களுக்கு அடியில். பென்குவின் என்றாலே பனிக்கட்டி என்று பழகிய மனசுக்கு இது புதிது. பாறை மறைவில், அது போகும் வழியை விட்டுத் தள்ளி உட்கார்ந்திருந்தோம். நமுக்கள் எங்களைத் தின்றுகொண்டிருந்தன. வெகுநேரம் கழித்து அலை ஒன்று வடிந்தபோது, மணலில் ஓர் உருவம் குப்புறக் கிடந்தது. எழுந்தது, உடம்பை உதறியது. கண்ணுக்குமேல் மஞ்சள் புருவம் நனைந்து பின்னால் ஒட்டியிருந்தது. நாலடி குடுகுடுவென்று ஓடும், நிற்கும், இருபுறமும் பார்க்கும், மறுபடி நாலடி. மணலைக் கடந்து காட்டு விளிம்பில் ஒரு பாறையைத் தத்தி ஏற முயன்று வழுக்கி, வேறு வழியாகச் சுற்றி உள்ளே போய்விட்டது. குஞ்சு வளர்த்து முடித்ததும் டிசம்பர் வாக்கில் இவை தெற்கே கடலோடு போய், 8 முதல் 10 வாரங்களில் 7,000 கிலோமீட்டர் வரை நீந்தித் திரும்புவதைக் கருவி பொருத்திக் கண்டறிந்திருக்கிறார்கள். அந்தப் பாறையில் ஏறத் திணறியதைப் பார்த்தவர்கள் இதை நம்புவது கஷ்டம்.

பறிங்கா ஆற்றோரம் வலையோடு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அது வெண்பொடி மீன் பருவம். நெத்திலியைவிடச் சிறிதாய், உள்ளே தெரியும் கண்ணாடிக் குஞ்சுகள். ஓடைக்கரைப் புல்லில் இட்ட முட்டை பொரிந்து, கடலுக்குப் போய், சுமார் ஆறு மாதம் கழித்து வசந்தத்தில் ஆறேறி வருபவை. முட்டையில் கலந்து பொரித்ததை முந்தைய இரவு ஹாஸ்டில் சாப்பிட்டிருந்தேன். ருசி மென்மை. ஆனால் ஆம்லெட்டுக்குள்ளிருந்து கறுப்புப் புள்ளிக் கண்கள் நூறு நம்மையே பார்க்கின்றன. அந்த மீன் வகைகளில் சில அருகிவருகின்றன என்பதும் தெரியும். இருந்தும் தட்டில் மிச்சம் வைக்கவில்லை.

“எவ்வளவு கிடைத்தது?” என்று கேட்டேன். பெரியவர் வாளியின் மூடியைக் காலால் அழுத்திக்கொண்டார். “சுமார்தான்.”

“இந்த ஆற்றில் நல்ல இடம் எது?” என்றான் தங்கை மகன்.

“நாற்பது வருஷமாக என் மனைவியும் அதைத்தான் கேட்கிறாள்” என்றார்.